பழைய மர என்டர்பிரைஸ்: பைபர் போர்வையா, ஒட்டுப்பலகையா, புது அடியா?

பழைய மரப் பாய்மரப் படகு ஒன்று கைக்கு வந்ததும் அதன் உரிமையாளர் முதலில் கேட்பது அதன் அடிப்பகுதியைப் பற்றித்தான். பாய் கிழிந்திருந்தால் தைக்கலாம், கயிறு நைந்திருந்தால் மாற்றலாம். அடிப்பலகை மெத்தென்று உள்வாங்கினால் என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். மேலே பைபர் போட்டுவிடலாம் என்பார் ஒருவர். கெட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்பலகை வைக்கலாம் என்பார் இன்னொருவர். அடிப்பலகை முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போடச் சொல்பவர்களும், மரத்தையே விட்டுவிட்டு பைபர் உடல் ஒன்றை வாங்கச் சொல்பவர்களும் உண்டு. இந்த நான்கு வழிகளையும் வடசென்னையின் வெயில், ஈரம், இங்கே கிடைக்கும் மரம், இங்கே இருக்கும் கைத்திறன் ஆகியவற்றை வைத்து எடைபோடுவதற்காக இதை எழுதுகிறேன்.

நான் பேசுவது என்டர்பிரைஸ் வகைப் படகைப் பற்றி. ஜாக் ஹோல்ட் வடிவமைத்து 1956இல் அறிமுகமானது. நீளம் 4.04 மீட்டர், இருவர் ஓட்டும் படகு, வானநீலப் பாய். அறிமுகமான அந்த ஆண்டு ஜனவரியிலேயே இரண்டு என்டர்பிரைஸ் படகுகள் இரவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து தங்களை நிரூபித்தன. உடல் முழுவதும் பிளைவுட் தகடுகள். வளைத்துச் செதுக்கிய பலகைகள் கிடையாது; பக்கத்துக்கு இரண்டு மடிப்பு விளிம்புகளில் தட்டையான தகடுகள் சந்திக்கும். வீட்டுக் கொட்டகையில் தச்சுவேலை தெரிந்த எவரும் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனால்தான் கட்டியவர் மறைந்த பிறகும் இன்னொருவரால் அதைப் பழுதுபார்க்க முடிகிறது.

இந்தியாவில் பாய்மரப் படகோட்டம் பழகிய பலர் இந்த வகையில்தான் தொடங்கினார்கள். இப்போது புதிதாக வருபவை பைபர் உடல்கள். மர உடல்கள் அருகிவிட்டன. ராயபுரத்தில் ஒரு வீட்டின் பக்கச் சந்திலும், திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகையிலுமாக, எங்களில் சிலர் அவற்றைக் காப்பாற்றி வருகிறோம். ஒருவர் வெட்டிப் பார்த்ததை மற்றவருக்குச் சொல்வதுதான் எங்களிடம் உள்ள பாடப்புத்தகம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் படகு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். பெயின்ட் பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிப் பாருங்கள்; நல்ல பிளைவுட் கணீரென்று ஒலிக்கும், கெட்டது மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். நடுப்பலகையை இறக்கி ஏற்றும் பெட்டி ஏராக் கட்டையோடு (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) சேரும் இடம், பாய்மரத்தின் அடி நிற்கும் கட்டை, படகின் பின்முனையை மூடும் பின்பலகையின் கீழ் மூலைகள், அணியத்தில் (முன்முனை) மடிப்பு விளிம்புகள் வந்து முடியும் நுனி ஆகிய நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் அழுகல் தொடங்குகிறது.

அழுகலுக்குக் காரணம் கடல்நீர் என்று பலர் நினைக்கிறார்கள். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. அதற்குத் தேவை நன்னீரும் காற்றோட்டமில்லாத இடமும். ஐப்பசி, கார்த்திகை மழை தார்ப்பாயின் ஓட்டை வழியாக உள்ளே சொட்டித் தேங்கி நிற்கிறதே, அதுதான் படகைக் கொல்கிறது. கடலில் தினமும் போய்வரும் மரப் படகைவிட, இறுக்கமாகப் போர்த்தி வீட்டுச் சந்தில் விட்ட படகு சீக்கிரம் கெடுவதன் காரணமும் இதுவே.

இன்னொரு சோதனையும் முக்கியம். மெல்லிய கத்தி முனையை மடிப்பு விளிம்பின் இணைப்பில் நுழைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் யூரியா ஃபார்மால்டிஹைட் வகைப் பசை பயன்பட்டது. சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அது பொடியாகிவிடும். மரம் நன்றாக இருந்தும் பசை செத்திருக்கலாம். ஓரிரு இடங்களில் மட்டும் கத்தி நுழைந்தால் ஒரு வகை முடிவு. அணியத்திலிருந்து பின்பலகை வரை தடையில்லாமல் ஓடினால் வேறு வகை முடிவு.

இனி பைபர் போர்வை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை பைபர் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. அவற்றை வார்ப்பதிலும் ஒட்டுவதிலும் இந்தக் கரைக்கு நல்ல தேர்ச்சி உண்டு. ரெசினும் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) நடந்துபோய் வாங்கும் தூரத்தில் கிடைக்கின்றன. செலவு குறைவு, சில நாட்களில் வேலை முடிந்துவிடும், ஒழுக்கும் உடனே நின்றுவிடும். இத்தனை நன்மைகள் இருப்பதால்தான் முதல் யோசனையாக இது வருகிறது.

ஆனால் அங்கே புழங்குவது பாலியெஸ்டர் ரெசின். முழுப் படகையும் அதிலேயே வார்க்கும்போது அது அருமையான பொருள். மரத்தின் மேல் தோலாகப் போர்த்தும்போது அதன் பிடிப்பு போதாது. இறுகும்போது சுருங்கவும் செய்கிறது. மரமோ ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். நாளடைவில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது; ஸ்க்ரூ துளை ஒன்றின் வழியாக நுழையும் நீர் அங்கே தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் வழவழப்பான உடல், உள்ளே பிளைவுட் கூழாகிக்கொண்டிருக்கும். எங்களிடம் வந்த படகு ஒன்றில், முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு பட்டறையில் போட்டிருந்த பைபர் தோலை உரித்தபோது, நன்றாக ஒட்டியிருந்த இடங்களில் அது பிளைவுட்டின் மேல் அடுக்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒட்டாத இடங்களில் அழுகல். எப்படிப் பார்த்தாலும் அடிப்பலகை போய்விட்டது.

எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 450 கிராம் மேட் ஒரே ஓர் அடுக்கு போட்டாலும், அது குடிக்கும் ரெசினோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும். வெளிப்பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர் என்று கொண்டால் 10 கிலோவுக்கு மேல் கூடுகிறது. சுமார் 90 கிலோ உடலுக்கு இது பெரிய சுமை. மெல்லிய காற்றில் துள்ளி எழ வேண்டிய படகு தண்ணீரை உழுதுகொண்டு போகும்.

மீன்பிடிப் படகுக்காரர் மர வள்ளத்தின் மேல் பைபர் போடுவதை இதே கண்ணால் பார்த்துக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய படகு கனமானது, பலகை தடிமனானது, நாளைக் காலையே தொழிலுக்குப் போக வேண்டும். அவருக்கு அது சரியான கணக்கு. 6 மில்லிமீட்டர் பிளைவுட் படகுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இன்னும் இரண்டு மூன்று பருவங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டுப் படகைக் கழித்துவிடப் போகிறீர்கள் என்றால் மட்டும் பாலியெஸ்டர் போர்வையைத் தேர்ந்தெடுங்கள்.

எபாக்சி என்ற இருபாக ரெசினும் மெல்லிய கண்ணாடி இழைத் துணியும் கொண்டு போர்த்துவது வேறு விஷயம். எபாக்சி மரத்தை உறுதியாகப் பிடிக்கும். 200 கிராம் துணி என்றால் எடையும் மிகவும் குறைவாகவே கூடும். விலை பாலியெஸ்டரைவிடப் பல மடங்கு. அதைப் பலகை முற்றிலும் நல்லதாக, உலர்ந்ததாக இருக்கும்போதுதான் போட வேண்டும். அழுகலை மூடுவதற்காகப் போட்டால் எபாக்சியும் அதே துரோகத்தைத்தான் செய்யும்.

அடுத்தது வெட்டி ஒட்டுவது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

கெட்ட பகுதியைக் கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிறுத்தாமல், நல்ல மரத்துக்குள் இன்னும் ஐந்து சென்டிமீட்டராவது தாண்டி வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பை ஒன்றுக்கு எட்டு என்ற சரிவில் சீவ வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர் அகலச் சரிவு. புதுப் பலகையின் விளிம்பையும் அதே சரிவில் சீவி, இரண்டையும் எபாக்சியால் ஒட்டினால் இணைப்பு பலகையின் வலிமையை ஏறத்தாழ எட்டிவிடும். சரிவு சீவ இடமில்லாத மூலைகளில் உட்புறம் தாங்குபலகை ஒன்றை வைத்து ஒட்டலாம். வலிமை போதும், உள்ளே மட்டும் ஒரு திட்டு தெரியும். அழுகிய மரத்தின் மேல் நீர்த்த எபாக்சியை ஊற்றி ஊற வைத்தால் மரம் பழையபடி உறுதியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது கடினமாகும், இழந்த வலிமை திரும்பாது.

பலகை வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டையே கேளுங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குப் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சோதனை. கடைக்காரர் "இதுவும் வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்று எடுத்துக் காட்டும் ஐ.எஸ். 303 பலகை சமையலறை அலமாரிக்கு நல்லது. இங்கே கிடைக்கும் மரைன் பிளை பெரும்பாலும் குர்ஜன் மரத்தில் வருகிறது. வெளிநாட்டு உரிமையாளர்கள் சொல்லும் ஒகூமே என்ற மரத்தின் பிளையைவிடக் கனமானது. சின்னச் சின்ன ஒட்டுகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அடிப்பலகை முழுவதையும் மாற்றும்போது சில கிலோ கூடிவிடும்.

எபாக்சி வேலையில் நம் ஊர்ப் பருவம்தான் பெரிய ஆசிரியர். இங்கிலாந்து உரிமையாளர்கள் எழுதிவைத்த குறிப்புகள் 15, 18 டிகிரி குளிரை மனத்தில் வைத்தவை. கொட்டகையில் ஹீட்டர் வையுங்கள், வேகமாக இறுகும் ஹார்ட்னரை (எபாக்சியோடு கலந்து அதை இறுக வைக்கும் பாகம்) பயன்படுத்துங்கள் என்பார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவை கையில் நிற்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். நம் சித்திரை வெயிலில் அதே வேகமான ஹார்ட்னர் டம்ளரிலேயே புகைந்து கட்டியாகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்ட்னரை வாங்கி, சிறு அளவாகக் கலந்து, கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள்.

காலையில் எபாக்சி பூசாதீர்கள். வெயில் ஏறும்போது மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சுக்குள் குமிழி குமிழியாக வெளியேறும். வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசினால் மரம் காற்றை உள்ளே இழுக்கும், கூடவே எபாக்சியையும் இழுத்துக்கொள்ளும். மாலை நான்கு மணிவாக்கில் தொடங்கி, கடற்காற்று ஈரமாகும் முன் நிறுத்துவது நல்லது. அப்படியும் மறுநாள் மேற்பரப்பில் மெழுகு போன்ற பிசுக்கு படியலாம். ஈரத்தோடு ஹார்ட்னர் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு உள்ளேயே போய் அடுத்த பூச்சு உரியும்.

அடர்நீலத்தில் உடல் பெயின்ட் அடிப்பது இந்தப் படகுகளில் அழகான பழைய வழக்கம். இங்கே வெள்ளையோ இளஞ்சாம்பலோ அடியுங்கள். அடர்நிறப் பரப்பு மே மாத வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். ஒட்டின் கோடு பெயின்ட்டில் தெரிய ஆரம்பிப்பது அதனால்தான். வெறும் எபாக்சியை வெயிலில் விடவும் கூடாது, புற ஊதாக் கதிர் அதை மஞ்சளாக்கிச் சிதைத்துவிடும்.

மூன்றாவது வழி, அடிப்பலகை முழுவதையும் மாற்றுவது. கத்தி சோதனையில் பசை எங்கும் செத்திருந்தால் வேறு வழியில்லை. ஒட்டுமேல் ஒட்டு வைத்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. வங்குகளும் (உள்ளே குறுக்காக நிற்கும் விலாக் கட்டைகள்) ஏராக் கட்டையும் நன்றாக இருக்க வேண்டும், அவையும் போயிருந்தால் நீங்கள் செய்வது பழுதுபார்ப்பு ஆகாது, புதுப்படகு கட்டுவது. இதில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: பலகையைக் கழற்றியதும் உடல் தன் வடிவத்தை இழப்பது. படகைக் கவிழ்த்து, மட்டம் பார்த்த தாங்கிகளில் கட்டி நிறுத்துங்கள். அணியத்திலிருந்து பின்பலகையின் நடு வரை நூல் பிடியுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் ஒட்டி இறுகவிட்ட பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். கழற்றிய பழைய பலகையை எறிந்துவிடாதீர்கள், புதுப்பலகைக்கு அதுதான் அச்சு. அணியத்தருகே பலகை முறுக்கிக்கொண்டு திரும்பும் இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு மெல்ல மெல்ல இறுக்கினால் 6 மில்லிமீட்டர் பிளைவுட் வளைந்துகொடுக்கும். வார இறுதிகளில் மட்டும் வேலை செய்பவருக்கு இது பல மாத வேலை.

பழைய பித்தளை ஸ்க்ரூக்கள் இந்த வேலையில் தலை உடைந்து வரும்; உடைந்த இடம் செம்பு நிறமாக இருந்தால் அதிலிருந்த துத்தநாகத்தை உப்புநீர் தின்றுவிட்டது என்று பொருள். மீண்டும் பித்தளை வேண்டாம். சிலிக்கான் வெண்கல ஸ்க்ரூ சிறந்தது, தேடித்தான் வாங்க வேண்டும். 316 எவர்சில்வர் மேல்பகுதிக்குப் போதும். நீருக்கடியில், காற்றுப் படாத ஈர மரத்துக்குள் அதுவும் அரிக்கும். நன்றாக ஒட்டிய இடங்களில் எபாக்சி இறுகியதும் ஸ்க்ரூவையே எடுத்துவிட்டுத் துளையை அடைத்துவிடலாம்.

நான்காவது வழியான பைபர் உடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போட்டியில் வெல்வது மட்டுமே குறிக்கோள் என்றால் அதை வாங்குங்கள். பாய்மரமும் பாயும் சுக்கானும் விதிகளுக்கு உட்பட்டிருந்தால் பழைய படகிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். மர உடலை அப்போது விறகுக்குப் போடாமல் எங்களில் ஒருவரிடம் கொடுங்கள். ஒரு படகின் வங்கு இன்னொரு படகைக் காப்பாற்றும்.

வழியைத் தேர்ந்தெடுத்த பிறகு யாரிடம் கேட்பது என்பதிலும் தேர்வு இருக்கிறது. காசிமேட்டில் மரப் படகு கட்டிப் பழகிய மூத்த மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். மரத்தைத் தொட்டே அழுகல் எங்கே முடிகிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு எந்தக் குறிப்பிலும் இல்லை. எங்கள் படகைப் பார்க்க வந்த ஒரு மேஸ்திரி, நாங்கள் சந்தேகப்பட்ட இடத்தை விட்டுவிட்டு ஒரு சாண் தள்ளி விரலை வைத்து, "இங்கே வெட்டு தம்பி, அங்கே சும்மா பெயின்ட்தான் உப்பியிருக்கிறது" என்றார். வெட்டியபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. அதே மேஸ்திரிக்கு 6 மில்லிமீட்டர் பலகை நம்ப முடியாத அளவுக்கு மெல்லியதாகப் படுகிறது. தடிமனாகப் போடச் சொல்வார், கூடுதல் கட்டை வைக்கச் சொல்வார். அந்த அறிவுரையை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, அளவுக்கு வரைபடத்தைப் பாருங்கள். இந்த வகைக்கென இங்கிலாந்தில் உரிமையாளர் சங்கம் இருக்கிறது. அளவு விதிகளை அங்கே கேட்டுப் பெறலாம். தொலைவில் உள்ள உரிமையாளர்கள் வடிவத்துக்கும் பழைய பாகங்களை அடையாளம் காண்பதற்கும் உதவுவார்கள். மரத்தைப் பற்றி மேஸ்திரி, வடிவத்தைப் பற்றி வரைபடம், பருவத்தைப் பற்றி இங்கேயே வேலை செய்த நாங்கள் என்று பிரித்துக் கேட்டால் குழப்பம் வராது.

ஒட்டுமுறையை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம், அடுத்து வருபவர் அதைத் திறந்து பார்க்க முடியும் என்பது. துறைமுகம் வருவதற்கு முன் மெட்ராஸ் கரையில் கப்பலுக்கும் மணலுக்கும் நடுவே அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் ஏற்றிவந்த மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். தையல் நைந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார்கள். பிரிக்க முடிந்ததால்தான் அந்தப் படகைத் தொடர்ந்து புதுப்பிக்க முடிந்தது. நம் படகுக்கும் அந்த வசதி வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. அழுகல் மூன்று நான்கு இடங்களில் நின்று, பசை உயிரோடிருந்தால் வெட்டி ஒட்டுங்கள். பசை எங்கும் போயிருந்து வங்குகள் நன்றாக இருந்தால் அடியை முழுவதும் மாற்றுங்கள், அதற்குரிய மாதங்களை ஒதுக்க முடிந்தால் மட்டும். முடியாவிட்டால் படகை உலர்ந்த இடத்தில், காற்றோட்டமாக, கவிழ்த்து வைத்துக் காத்திருங்கள். அவசரப்பட்டுப் போடும் போர்வையைவிட அது நல்லது.

வேலையைத் தை மாதத்தில் தொடங்குங்கள். மழை ஓய்ந்து, காற்றில் ஈரம் குறைந்து, வெயில் இன்னும் உறைக்காத காலம் அது; பங்குனிக்குள் ஒட்டு வேலை முடிந்தால் பெயின்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மார்கழியிலேயே தார்ப்பாயை எடுத்துவிட்டு மரம் உலர விடுங்கள். பெயின்ட்டைச் சுரண்டும் முன் ஏராக் கட்டையிலும் பின்பலகையின் உட்புறத்திலும் செதுக்கிய எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எண்ணை வைத்துப் படகு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க வழியுண்டு. சுரண்டும் இயந்திரத்துக்கு அது வெறும் கீறல்தான். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, எந்த ஹார்ட்னர், எந்த நாள், எந்த மணி என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். படகை விற்கும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள், ஒரு பிரதியை எங்களுக்கும்.